துடைத்துத் தாருங்கள்

நான் ஓய்வுபெற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தர்ஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள். நிறுவனம் பழைய சேர்வர்களை மூட்டைகட்டிவிட்டுப் புதிய மென்பொருளுக்கு மாறுகிறதாம். அதை நிறுவும்போது ஒரு கேள்வி வருகிறதாம். கையில் உண்மையாக இருக்கும் டிஸ்க் இடத்தைப் போல எத்தனை மடங்கு இடத்தை வாடிக்கையாளர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று கேட்கிறதாம். மென்பொருளோடு வந்த கையேடு இரண்டு மடங்கு என்கிறது. என் கணக்குக் கொப்பியில் ஒன்று தசம் இரண்டு என்றுதான் இருக்கிறது. ஏன் மிஸ் இவ்வளவு கஞ்சத்தனம், மூன்று வரியில் எழுதித் தாருங்கள், ஃபைலில் போட்டு வைக்கிறேன் என்றாள்.

மூன்று வரியில் எழுதிப் பார்த்தேன். முதல் வரியிலேயே கோபம் வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை பாஸாகி, மாத்தளை டவுனில் தட்டச்சுப் பழகி, வாசனைப் பொருள் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்தபோது, தொட்டால் கெட்டுவிடும் என்று மற்றவர்கள் பயந்தார்கள். கெட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தொட்டேன். அந்தத் துறையில் என் ஆரம்பத் தகுதி அவ்வளவுதான். பிறகு கொழும்பில் மூன்று பயிற்சிகள், மூன்று சான்றிதழ்கள், போகவர பஸ்ஸில் நிறைய வாந்தி. பத்து வருடத்தில் சேர்வர் அறையின் திறப்பு என் கைப்பையில் இருந்தது.

நிறுவனத்தின் சேர்வர்கள் பாதி நேரம் சும்மா இருந்தன. சும்மா இருப்பதை வெளியாட்களுக்குக் கொடுக்கலாம் என்று மேலிடம் தீர்மானித்தது. இதற்குக் கிளவுட் என்று பெயர். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் போனால் மேகத்தைக் கையால் தொடலாம். எங்கள் மேகம் மாத்தளை டவுனில், பழைய கராம்புக் களஞ்சியம் ஒன்றில் இருந்தது. ஏசி நின்றால் அறை முழுக்கக் கராம்பு வாசம் வரும். ஏசி நின்றதை நான் பெரும்பாலும் மூக்கால்தான் கண்டுபிடித்தேன்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய கணினிக்குள் நாற்பது சின்னக் கணினிகள் இருப்பதாக நம்பவைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு வாடிக்கையாளருக்கு. ரத்தோட்டை மிளகு வியாபாரிக்கு ஒன்று, பல்லேகம விவசாயிகள் சங்கத்துக்கு ஒன்று, ரிவர்ஸ்டன் ஹோட்டலுக்கு ஒன்று, டியூஷன் வகுப்புகளுக்கு நாலைந்து. உங்களுக்கு இவ்வளவு இடம் என்று அவரவருக்குச் சொல்வோம். அவருடைய கணினியும் அவ்வளவு இடம் இருப்பதாகவே காட்டும். ஆனால் அவர் உண்மையில் எழுதி நிரப்பிய அளவுக்கு மட்டுமே எங்கள் டிஸ்க்கில் இடம் போகும். மீதி வெறும் வாக்குறுதி. எங்களிடம் மொத்தம் பத்து டெராபைட் இருந்தது. எழுதிக் கொடுத்தது அதைவிட எப்போதும் அதிகம். இதில் மோசடி ஒன்றும் இல்லை, உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் வந்து தங்கள் இடத்தை முழுதாகக் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடக்கிறது.

கொப்பியில் நான் மூன்று பத்தி வைத்திருந்தேன். இருப்பது, கொடுத்தது, எடுத்தது. காலை எட்டு மணிக்கு நின்றபடியே எழுதுவேன், உட்கார்ந்தால் அவசரம் குறைந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். எடுத்தது முக்கால்வாசியைத் தாண்டினால் சிஸ்டம் எச்சரிக்கை மெயில் அனுப்பும். நூற்றுக்கு எண்பத்தைந்தைத் தாண்டினால் புதிதாக யாருக்கும் டிஸ்க் ஒதுக்காது. இந்த இரண்டாவது எல்லையைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது வாசல் கதவை மட்டும்தான் பூட்டும். ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் பருத்துக்கொண்டே போவதை அது தடுக்காது.

என் மேலதிகாரி இல்யாஸ் சேர். டவுன்காரர். அவருடைய வாப்பா ரத்தோட்டை ரூட்டில் இரண்டு பஸ் வைத்திருந்தவர். பள்ளிக்கூட விடுமுறையில் சேர் அந்த பஸ்களில் டிக்கெட் கிழித்திருக்கிறார். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவேயில்லை. வாடிக்கையாளர் யார் வந்து எவ்வளவு கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே பதில்தான்: எடமிருக்கு. காலையில் பிளேன்டீக் கோப்பையோடு என் மேசைக்கு வருவார். கொப்பியைத் திருப்பி, கொடுத்தது என்ற பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்து, திருப்தியாகத் தலையாட்டுவார். எடுத்தது என்ற பத்திக்கு அந்த விரல் ஒரு நாளும் வந்ததில்லை. ஆளைப் பற்றித் தப்பாக எண்ணிவிடாதீர்கள். குரலை உயர்த்த மாட்டார். லீவு கேட்டால் காரணம் கேட்க மாட்டார். எதையும் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் செய்யமாட்டார், அந்தப் படிவங்களையும் அவரேதான் தயாரித்தார். பென்சிலால் எழுதுவார், தேவைப்பட்டால் திருத்தலாமே என்பார்.

அவர் வந்தபோது ஒன்றரை மடங்கு இருந்தது. இரண்டாக்கினார். பிறகு இரண்டரை என்றார். நான் மறுப்புச் சொன்னேன்.

"பஸ்ல எடமில்லன்னு சொன்ன கொண்டக்டர எங்கயாச்சும் கண்டிருக்கீங்களா பாக்கியம்?" என்று கேட்டார். "முன்னுக்குப் போங்கன்னுதான் சொல்லுவான். போவாங்க. எடம் வந்துரும்."

பஸ்ஸில் ஏறியவர்கள் ரத்தோட்டையில் இறங்கிவிடுவார்கள், எங்களிடம் ஏறியவர்கள் இறங்குவதே இல்லை என்றேன். நல்ல பதில் என்று சிரித்தார். படிவத்தை என் பக்கம் தள்ளினார். நான் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம், காப்புப் பிரதிகளுக்கென்று தனியாக வைத்திருந்த டிஸ்க்குகளையும் பொதுவில் சேர்த்தார். புது டிஸ்க் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்றார். அதற்கும் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

சேரின் பெயரிலும் ஒரு டிஸ்க் இருந்தது. அவருடைய மகள் ருக்சானாவின் கல்யாண வீடியோ, ஐந்து கேமராவில் எடுத்த வெட்டாத படம். வெட்டிச் சேர்த்துக் கொடுக்க வேண்டியவர் வேலையைப் பாதியில் விட்டு டுபாய்க்குப் போய்விட்டார். கேமரா கார்டுகளை வேறு கல்யாணங்களுக்குப் பாவித்தாயிற்று. உலகத்தில் அந்தப் படம் இருந்த ஒரே இடம் எங்கள் களஞ்சியம். கொடுத்தது பத்தியில் அதை நான் எழுதும்போதெல்லாம் சேர் கொஞ்சம் வெட்கப்படுவார், ஆனால் அகற்றமாட்டார்.

இனி நஜீமா டீச்சர். பென்ஷன் எடுத்த பள்ளிக்கூட ஆசிரியை. டவுனில் ஒரு சின்னச் சங்கம் நடத்தினார். தோட்டங்களில் பழைய பதிவுப் புத்தகங்களைத் தேடி வாங்கி, ஸ்கேன் செய்து வைப்பதுதான் சங்கத்தின் வேலை. தோட்டத்து மக்களில் வயது போனவர்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஒரு புத்தகம் இருக்கும். குழந்தையின் பெயர், தாயின் பெயர், பிறந்த திகதி எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். சிலருக்குத் தாங்கள் பிறந்ததற்கு அது ஒன்றே அத்தாட்சி. சங்கத்துக்கு இரண்டு டெராபைட் இடம் இலவசமாகக் கொடுத்திருந்தோம். அதுவும் இல்யாஸ் சேரின் எடமிருக்குதான்.

டீச்சர் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். எங்களிடம் ஒரு வயரை இரவல் வாங்கினால், அதைச் சுற்றிக் கட்டி, கூடவே நாலு மாம்பழத்தோடு திருப்பித் தருவார். இந்தப் பக்கத்தில் அடுத்த வீட்டு ஏனத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. கழுவித் துடைத்து, அதில் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். டீச்சர் அந்த வழக்கத்தை வயர் வரைக்கும் கொண்டுவந்தவர்.

அந்த வருடம் டியூஷன் வகுப்புகள் எல்லாப் பாடத்தையும் வீடியோவாக எடுத்து வைக்கத் தொடங்கின. எடுத்தது என்ற பத்தி மளமளவென்று ஏறியது. எண்பத்தாறில் கதவு பூட்டிக்கொண்டது. அதுதான் பூட்டியாயிற்றே, இனிப் பயமில்லை என்றார் சேர். உள்ளே இருப்பவர்களைப் பற்றிச் சொன்னேன். அப்போதுதான் முதல் தடவையாக மூன்றாவது பத்தியில் விரலை வைத்தார். கொழும்பில் சொல்லிவைத்த புது டிஸ்க்குகள் துறைமுகத்தில் நின்றன. அதுவரை சமாளிக்க, தேவையில்லாத ஃபைல்களை அகற்றச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பத் தீர்மானித்தோம்.

இங்கே இன்னொரு நுட்பம் இருக்கிறது. அந்தப் பழைய சிஸ்டத்தில் வாடிக்கையாளர் ஒரு ஃபைலை அழித்தால், இடம் காலியானது அவருடைய கணினிக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் டிஸ்க்குக்குத் தெரியாது. நான்தான் ஒவ்வொரு கணினியாக நிறுத்தி, காலியான இடத்தை எங்கள் பக்கத்திலிருந்து இறுக்கி மீட்க வேண்டும். வாடிக்கையாளர் செய்ய வேண்டியது அழிப்பது ஒன்றுதான்.

கடிதம் மூன்று மொழியிலும் போக வேண்டும், மரியாதையாக இருக்க வேண்டும் என்றார் சேர். ஆங்கிலத்தை அவர் எழுதினார். சிங்களத்தைக் கணக்குப் பிரிவில் ஒருவர் எழுதினார். இரண்டிலும் தேவையற்ற ஃபைல்களை அழிக்கவும் என்று மட்டுமே இருந்தது. தமிழை நான் எழுதினேன். அழிக்கவும் என்று நிறுத்தினால் அதிகாரம் பண்ணுகிற மாதிரி பட்டது. வாக்கியம் பாதியில் அறுந்ததுபோலவும் இருந்தது. ஆகவே, "தேவையற்றவற்றை அழித்து, இடத்தைத் துடைத்துத் தாருங்கள்" என்று எழுதினேன். வாசிக்க நன்றாக இருந்தது. இரண்டு தரம் வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

கடிதம் போன இரண்டாவது நாள், ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்குத் தொண்ணூற்றொன்று என்று எழுதினேன். எட்டரைக்குத் தொண்ணூற்று மூன்று. ஒரு நாளில் ஏற வேண்டியது அரை மணித்தியாலத்தில் ஏறியிருந்தது. டியூஷன்காரர்கள்தான் என்று முடிவுகட்டி அவர்களுடைய கணினிகளை ஒவ்வொன்றாகத் துழாவினேன். ஏற்கனவே கெட்ட பெயர் எடுத்தவர்களை முதலில் பிடிப்பது எனக்குப் பழக்கம். அதில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. அவர்கள் குற்றமற்றவர்கள். பட்டியலை அளவுப்படி வரிசைப்படுத்திப் பார்த்தபோது டீச்சரின் கணினி பருத்துக்கொண்டிருந்தது. உடனே தொலைபேசியில் கூப்பிட்டு, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க எழுதின மாதிரிதான் மிஸ், தொடச்சிக்கிட்டிருக்கேன்" என்றார் டீச்சர். "ஏழரைக்கே வந்து தொடங்கிட்டேன். அரவாசிக்கு மேல முடிஞ்சி. பிந்திட்டேனா?"

நாற்பது வாடிக்கையாளர்களில் கணினியைத் தமிழ் மெனுவில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதில் துப்புரவு செய்யும் மென்பொருள் ஒன்று இருந்தது. அழித்த ஃபைல்களை யாரும் திரும்ப எடுக்க முடியாமல் செய்வதற்காக, காலியான இடம் முழுவதிலும் பூச்சியங்களை எழுதி நிரப்பும் வசதி அதில் உண்டு. தமிழில் அதற்கு வைத்த பெயர்: காலி இடத்தைத் துடை. டீச்சர் கடிதத்தை வாசித்தார். மெனுவைத் திறந்தார். கடிதத்திலிருந்த சொல் அப்படியே அங்கே இருந்தது. அழுத்தினார். நாங்கள் இலவசமாகக் கொடுத்த இரண்டு டெராபைட்டில் அவர் அதுவரை தொடாமல் வைத்திருந்த இடம் ஒரு டெராபைட்டுக்கு மேல். அது வெறும் வாக்குறுதி. அந்த வாக்குறுதியைப் பூச்சியம் பூச்சியமாக எங்கள் டிஸ்க்கிலிருந்து வசூலித்துக்கொண்டிருந்தது அந்த மென்பொருள். ஏனத்தை அவர் வெறுமையாகத் திருப்பித் தரவில்லை.

உடனே நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். நிச்சயமாக நிறுத்தவா என்று மென்பொருள் கேட்டது. அந்த வாக்கியத்தை டீச்சர் முழுவதுமாக எனக்கு வாசித்துக் காட்டி, என்ன பதில் கொடுப்பது என்று கேட்டார். ஆம் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, எங்கள் டிஸ்க் நிறைந்துவிட்டது. நாற்பது கணினிகளும் நின்றன. பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

நிறைந்த டிஸ்க்கில் எதையும் எழுத முடியாது. எழுத முடியாத கணினி ஓடாது. அவற்றை எழுப்ப முதலில் கொஞ்சம் இடம் வேண்டும். மற்றவர்களுடைய டிஸ்க்குகளைத் தொட எனக்கு உரிமை இல்லை. இறுக்கி மீட்கும் வேலைக்கும் எழுத இடம் வேண்டும், ஆகவே முழு டிஸ்க் ஒன்றை அப்படியே நீக்கினால் மட்டும்தான் இடம் உடனே கிடைக்கும். எங்களுடையதென்று நீக்கக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்று. சேரே கேட்டார், என் வீடியோவா என்று. ஆமென்றேன். வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுக்க எவ்வளவு நேரம் என்றார். குறைந்தது மூன்று மணித்தியாலம். அப்படியென்றால் எல்லோரும் மூன்று மணித்தியாலம் பொறுக்கட்டும், மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம் என்றார். நியாயமான பேச்சு. நானும் அதற்குச் சம்மதித்துக் கேபிளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மெலிந்த ஆள், வெள்ளைச் சட்டை, இரண்டு முழங்காலும் மடங்காத நடை. பெயர் வேலாயுதம். எல்கடுவப் பக்கத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்புக்கு விறகு தூக்குகிறவர். டீச்சர்தான் அவரை அனுப்பியிருந்தார்.

"எனக்கு வயசானத இங்கதான் பொட்டிக்குள்ள வச்சிருக்கீங்கன்னு டீச்சர் சொன்னாங்க தங்கச்சி" என்றார் என்னிடம்.

விசாரித்ததில் விஷயம் இதுதான். எப்போதோ அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுத்தவர் அவருடைய பிறந்த வருடத்தை ஏழு வருடம் பிந்தி எழுதிவிட்டார். அட்டைப்படி அவர் தன்னுடைய சொந்தத் தம்பிக்கே தம்பி. ஓய்வுபெறும் வயது வரவில்லை என்று தோட்டம் அவரை விடவில்லை. வயதைத் திருத்த, பிள்ளைக் காம்பராப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பன்னிரண்டு மணிக்குப் பிரதேச செயலகத்தில் காட்ட வேண்டும். விசாரணை இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. விசாரிக்கும் உத்தியோகத்தர் மறுநாள் மாற்றலாகிப் போகிறார். புதியவர் வந்து ஃபைலைத் திறக்க எத்தனை மாதமாகுமோ தெரியாது. அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுக்கத்தான் டீச்சர் காலையில் அவரை வரச்சொல்லியிருக்கிறார். அதற்குள் பெட்டி நின்றுவிட்டது.

இல்யாஸ் சேர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழும்பச் சுணங்கும் என்றார். எத்தனை வயதென்று சேர் கேட்டார்.

"கடதாசியில அம்பத்தி நாலுங்க சேர். மத்தபடி அறுவத்தி ஒன்னு."

சேர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தே கால். பிறகு தன் அறைக்குப் போனார். தொலைபேசியில் மகளிடம் பேசுவார் என்று நினைத்தேன். இல்லை, படிவத்தோடு வந்தார். டிஸ்க் ஒன்றை நீக்குவதற்கு அவரே தயாரித்த படிவம். வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பென்சிலை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் பேனா வாங்கி, இடம் இல்லை என்று எழுதினார். அவர் கையால் அந்த இரண்டு சொல்லை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"அழிங்க" என்றார்.

இன்னொரு தடவை யோசிக்கச் சொன்னேன். யோசித்தால் அழிக்கமாட்டேன் என்றார். பெயரைச் சரிபார்த்தேன், எண்ணைச் சரிபார்த்தேன், அழித்தேன். ஐந்து கேமராவில் எடுத்த கல்யாணம் அரை நிமிடத்தில் போயிற்று. அந்த அரை நிமிடமும் சேர் திரையைப் பார்க்காமல் ஏசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது. வேலை இருந்ததால் அழவில்லை.

டீச்சரின் கணினியைத்தான் முதலில் எழுப்பினேன். பழுது பார்த்துக்கொள்கிறேன் என்று அது இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. புத்தகத்தைத் திறந்தோம். முப்பத்தொன்றாம் இலக்கம் முதல் நாற்பத்தாறு வரையான பெயர்கள் இருந்த பக்கத்தில், முப்பத்தொன்பதாவது வரியில் வேலாயுதம், தாய் பொன்னம்மா, பிறந்த திகதி, சேர்த்தபோது வயது மூன்று மாதம் என்று இருந்தது. மை வெளிறியிருந்தாலும் வாசிக்க முடிந்தது. எங்கள் பிரின்டரிலேயே இரண்டு பிரதி எடுத்தேன். மடிக்க வேண்டாம் என்றேன். சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சேர் தன் காரில் கொண்டுபோய் விட்டார். பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்களாம்.

உத்தியோகத்தர் ஏற்றுக்கொண்டார். மூன்று மாதத்தில் புது அட்டை வந்தது. வேலாயுதம் விறகை இறக்கிவைத்தார்.

சேர் அதன் பிறகு மடங்கைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஒன்று தசம் இரண்டு என்று நான் எழுதிக் கொடுத்ததில் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். காப்பு டிஸ்க்குகள் பழைய இடத்துக்குப் போயின. மகள் இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை என்று கேள்வி. வாடிக்கையாளர்கள் தங்களுக்கு எழுதிக் கொடுத்த இடத்தை ஒரு நாள் முழுதாகக் கேட்டால், கேட்கிறவர் மேல் தப்பில்லை. அதைத் தாங்கும் அளவுக்கு மேல் எழுதிக் கொடுத்தவர்கள் மேல்தான் தப்பு. தர்ஷினி கேட்ட மூன்று வரி இதுதான். கதை இதோடு முடிந்திருந்தால் அந்த மூன்று வரியோடு நானும் நிறுத்தியிருப்பேன்.

அந்த வியாழனுக்கு அடுத்து வந்த திங்கட்கிழமை டீச்சர் கூப்பிட்டார். வந்து பார்க்க முடியுமா என்றார், குரல் சரியாக இல்லை. போனேன். அந்த வியாழக்கிழமை, துடைத்து முடியும்வரை சும்மா இருப்பானேன் என்று, வேலாயுதத்தின் புத்தகத்தில் தலைகீழாக ஸ்கேன் ஆகியிருந்த பக்கங்களை நிமிர்த்திச் சேமித்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் டிஸ்க் நிறைந்த நேரத்தில் அவர் சேமித்துக்கொண்டிருந்தது வேலாயுதத்தின் பக்கத்துக்கு அடுத்த பக்கம். ஃபைலின் பெயர் சரியாக இருந்தது. அளவும் சரியாக இருந்தது. திறந்தால் ஒன்றும் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை பூச்சியங்கள்.

காப்புப் பிரதி எடுத்து ஐந்து மாதமாகியிருந்தது, அந்தப் புத்தகம் ஸ்கேன் ஆகி மூன்று மாதம்தான். மூலப் புத்தகத்தைத் தேடித் தோட்டத்துக் காரியாலயத்துக்குப் போனோம். அது இருந்த அலுமாரியில் கறையான் புற்றுதான் இருந்தது. முந்திய பக்கம் நாற்பத்தாறில் முடிகிறது, பிந்திய பக்கம் அறுபத்தொன்றில் தொடங்குகிறது. நாற்பத்தேழு முதல் அறுபது வரை பதினாலு குழந்தைகள்.

டீச்சர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நீங்கள் வாசித்தபடிதான் செய்தீர்கள், எழுதியது நான் என்றேன். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. முப்பது வருட வேலையில் எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன், எல்லாவற்றையும் யாரிடமாவது போய்ச் சொல்ல முடிந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு வேலாயுதம் வந்தார். அந்தக் காம்பராவில் தன்னோடு வளர்ந்தவர்களை ஞாபகப்படுத்திச் சொல்வதாகச் சொன்னார். டீச்சர் எழுதினார், நான் பக்கத்தில் இருந்தேன். காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாடு வரை, மற்றப் பக்கங்களில் இல்லாத ஒன்பது பேரைச் சொன்னார், தாய்மாரின் பெயரோடு. அவர்களில் நாலு பேர் இறந்துவிட்டார்கள். இரண்டு பேர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். மூன்று பேருக்குக் கடதாசி எல்லாம் சரியாக இருக்கிறது. மீதி ஐந்து பேரை அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"கைப்புள்ளைங்கதானே தங்கச்சி, யாருக்கு யாரத் தெரியும்" என்றார். பிறகு, "அவங்களும் இன்னும் தூக்கிக்கிட்டுத்தான் இருப்பாங்களோ என்னமோ" என்றார்.

நான் வேலையை விட்ட நாள்வரை யாரும் வந்து கேட்கவில்லை. கேட்க ஒரு இடம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இனிமேல் யாராவது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்பத்தேழுக்கும் அறுபதுக்கும் நடுவில் தங்கள் பெயரைத் தேடினால், இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டாம். எனக்குத் தகவல் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று நானே வந்து சொல்லிக்கொள்கிறேன்.